தெரியாது டீச்சர்

எங்கள் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைக்க அரைநாள் போதும். அவளுக்கு அவ்வளவுகூடத் தேவைப்படவில்லை. பயிற்சி தொடங்கிய முதல் நாள், முதல் மணி நேரத்தில், பாடம் எடுக்க வந்த முனைவர் எழுப்பிக் கேட்ட முதல் கேள்விக்கே, "தெரியாது சார்" என்றாள். முனகவில்லை, தலையைச் சொறியவில்லை, பக்கத்தில் இருந்தவளின் நோட்டை எட்டிப் பார்க்கவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வோமே, அது மாதிரி சொன்னாள். ஓர் ஆசிரியர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து என் முப்பத்திரண்டு வருட வேலையில் அன்றுதான் கேட்டேன். தேநீர் இடைவேளைக்குள் 'தெரியாது டீச்சர்' என்ற பெயர் வாட்ச்மேன் வரைக்கும் போய்விட்டது.

கேள்வி என்ன தெரியுமா? "மலைவாழ் மக்களின் உலகப் பார்வையைச் சுருக்கமாகக் கூறுக." அந்தப் பெண் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கே தெரியவில்லை என்றதும் முனைவருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா? இதுக்குத்தான் இந்தப் பயிற்சி" என்று மற்ற நாற்பத்தொன்பது பேரையும் பார்த்துச் சொன்னார். அவர்களும் தலையை ஆட்டினார்கள். ஆட்டாமல் என்ன செய்வார்கள்? மதிப்பெண் அவர் கையில்.

நான் இங்கே தட்டச்சர். முதலில் மெஷினில் அடித்தேன், இப்போது கம்ப்யூட்டரில் அடிக்கிறேன், அடிக்கிற குப்பை மட்டும் மாறவில்லை. என் அறை ஜன்னலுக்கு வெளியே வராந்தா, வராந்தாவுக்கு அந்தப் பக்கம் பயிற்சிக் கூடம். கூடத்தின் கதவு சாத்தாது, கீல் போய் நாலு வருடம் ஆகிறது. அதனால் உள்ளே நடக்கிற கூத்தெல்லாம் எனக்கு இலவசம்.

பயிற்சியின் பெயர் 'பண்பாட்டுக்கேற்ற கல்வி'. நாற்பது நாள். மலைமேல் பழங்குடிக் குடியிருப்புகளில் பதினாறு ஓராசிரியர் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பிள்ளைகள் வாயே திறப்பதில்லை, ஐந்தாம் வகுப்புக்குள் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். சரி, கீழேயிருந்து போகிற ஆசிரியருக்கு அந்த ஜனங்களின் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்லிக் கொடுத்து அனுப்புவோம் என்று எங்கோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறார். நல்ல யோசனை. அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். அந்த யோசனை ஒவ்வொரு மேசையாக இறங்கி எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது என்ன ஆயிற்று என்பதுதான் வயிற்றெரிச்சல்.

விதி இப்படி வந்தது: இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் மலைப் பள்ளியில் வேலை. ஏற்கெனவே வேலையில் இருந்தாலும் நூற்றுக்கு அறுபது எடுக்காவிட்டால் வெளியே. தெரியாது டீச்சர் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற குடியிருப்பில் ஆறு வருடமாகத் தற்காலிக ஆசிரியை. பதினெட்டுப் பிள்ளைகள். ஒன்றுகூடப் பள்ளியை விட்டு நிற்கவில்லை. ஆனாலும் விதி விதிதானே? அவளும் நாத்தனாரிடம் நாலு வயது மகளை விட்டுவிட்டு, தன் சொந்த ஜனங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள நாற்பது நாள் கீழே வந்து உட்கார்ந்தாள்.

முனைவர் அந்த ஜனங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துதான் முனைவர் ஆனார். மலைக்கு இரண்டு தடவை போயிருக்கிறார். இரண்டாவது தடவை ஜீப் பாதியில் நின்று திரும்பிவிட்டதால் ஒன்றரைத் தடவை என்பதுதான் நியாயம். பயிற்சிக் கையேடு அவர் எழுதியது, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், அடித்தது நான். 'மலைக் குழந்தைகள் இயல்பிலேயே கூச்ச சுபாவம் உள்ளவர்கள்' என்ற வரியைப் பதினோரு அத்தியாயத்திலும் அடித்தேன். பன்னிரண்டாவது அத்தியாயத்தில் அது இல்லையே என்று நானே எடுத்துக் காட்டினேன். "நல்ல வேளை சொன்னீங்க" என்று அங்கேயும் சேர்த்தார்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு உட்கார இடம் கிடைக்காது. 'தெரியாது' ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று மற்றவர்கள் ஒதுங்கினார்கள் போல. நான்தான் என் அறைக்குக் கூப்பிட்டேன். கூப்பிட்டது பெரிய மனசினால் இல்லை, வம்பு கேட்கிற ஆசையினால். வந்தவள் என்னைக் கேள்வியால் துளைத்தெடுத்துவிட்டாள். இந்தப் பிரிண்டர் ஏன் தாளைக் கடிக்கிறது, எனக்கு ஏன் ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிகிறது, என் மகன் ஏன் போன் பண்ணுவதில்லை. எல்லாம் நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேட்டாள். கடைசிக் கேள்விக்கு நான் கோபப்பட்டேன், பிறகு அழுதேன், பிறகு பதிலும் சொன்னேன்.

ஒரு நாள் நான் கேட்டேன். "ஏண்டி, உங்க பிள்ளைங்க கிளாஸ்ல ஏன்தான் வாயே திறக்க மாட்டேங்குது?"

"திறக்கும் அக்கா. நிஜமா கேட்டா திறக்கும்."

"நிஜமா கேட்டான்னா?"

"எங்க ஆளுங்க தெரிஞ்ச விஷயத்தைக் கேள்வியா கேக்க மாட்டாங்க. தெரிஞ்சுக்கிட்டே கேட்டா அது கிண்டல், இல்லேன்னா திருட்டுப் பிடிக்கிற வேலை. நான் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்தப்போ வாத்தியார் மாட்டுப் படத்தைக் காட்டி, இது என்னன்னு கேட்டார். எனக்குப் பாவமாப் போச்சு. இவ்வளவு பெரிய ஆளு மாட்டைப் பாத்ததில்லையேன்னு. அப்புறம் பாத்தா அவர் பைய மாட்டியிருந்த ஜன்னலுக்கு வெளியிலயே மாடு நிக்குது. அப்போ நம்மளைக் கிண்டல் பண்றார்னு வாயை மூடிக்கிட்டேன். மூணு வருஷம் மூடிக்கிட்டேன்."

"அடிப்பாவி, மூணு வருஷமா?"

"ரிஜிஸ்டர்ல 'ஊமை'ன்னு எழுதிட்டாங்க. காது கேக்குதான்னு பாக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க டாக்டர், உன் பேரு என்ன, எந்த ஊரு, வீட்ல எத்தனை பேருன்னு கேட்டார். அவருக்கு நிஜமாவே தெரியாது பாருங்க. எல்லாத்தையும் சொன்னேன். எங்க வீட்டு ஆடுங்க பேரு வரைக்கும் சொன்னேன். டாக்டர் வாத்தியாரை ஒரு முறை முறைச்சார்."

நான் சிரித்த சிரிப்பில் அலுவலகக் கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. "ஒருத்தர் தெரியாமக் கேட்டா, தெரிஞ்சவங்க பதில் சொல்லியே ஆகணும் அக்கா. எங்களுக்குள்ள அது ஒண்ணுதான் கண்டிப்பு" என்றாள்.

இதை அவள் முனைவரிடமும் சொல்லியிருக்கிறாள். "அது உங்க தனிப்பட்ட அனுபவம்மா. ஆய்வு வேற மாதிரி சொல்லுது" என்றாராம். ஆய்வு என்றால் அந்த ஒன்றரைத் தடவை.

எழுத்துத் தேர்வு வந்தது. ஐம்பது மதிப்பெண். 'மலைக் குழந்தைகளின் இயல்புகள் ஐந்தினை எழுதுக' என்று ஒரு கேள்வி. விடைக் குறிப்பும் நான் அடித்ததுதான்: கூச்சம், மௌனம், இயற்கை நேசம், கள்ளமின்மை, இசை ஆர்வம். அவள் என்ன எழுதினாள்? 'என் வகுப்பில் பதினெட்டுப் பேர். ஒருத்திக்குக் கோபம் அதிகம். ஒருவன் பொய் சொல்வான், ஆனால் கணக்கில் சொல்ல மாட்டான். இருவருக்குப் பாட்டு என்றாலே ஆகாது. மற்றவர்களைப் பற்றி எழுத இடம் போதவில்லை.' பூஜ்யம் போட்டார்கள். மற்றக் கேள்விகளில் தேறி, ஐம்பதுக்கு முப்பத்தெட்டு வந்தது. மாதிரிப் பாடத்தில் ஐம்பதுக்கு இருபத்திரண்டு எடுத்தால் போதும், பள்ளி அவளுக்கு. விரலை மடக்கி எனக்கு எண்ணிக் காட்டினாள். அந்தப் பள்ளியை விட்டால் அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது.

மாதிரிப் பாடத்துக்காக மலையின் நாலைந்து குடியிருப்புகளிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகளை ஜீப்பில் இறக்கினார்கள். மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். அவருக்கு ஒரு மேசை, மேசைக்குத் துணி, துணிமேல் பூங்கொத்து. காலையிலிருந்து ஒவ்வோர் ஆசிரியராக வந்து, இலையைக் காட்டி இது என்ன, சிவப்புத் தாளைக் காட்டி இது என்ன நிறம் என்று கேட்டார்கள். பிள்ளைகள் கப்சிப். ஒவ்வொரு தடவையும் முனைவர் அதிகாரியின் காதருகே குனிந்து, "கூச்சம் சார், கையேட்டுலயே இருக்கு" என்றார். பிள்ளைகள் பேசாதது அவருக்கு அவ்வளவு வசதியாக இருந்தது.

தெரியாது டீச்சரின் முறை வந்தது. கொடுத்த பாடம் பெருக்கல். வெறுங்கையோடு வந்தாள். கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "இந்தத் தரையில எத்தனை டைல்ஸ் இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்றாள். "நாப்பது நாளா இதுமேல நடக்குறேன், ஒரு நாளும் எண்ணல. உங்களுக்குத் தெரியுமா?"

அவ்வளவுதான். பன்னிரண்டும் எழுந்துவிட்டன. இரண்டு பேர் நீளத்துக்கு எண்ணினார்கள், இரண்டு பேர் அகலத்துக்கு. நீளம் நாற்பத்திரண்டு என்று ஒருவன், நாற்பத்தொன்று என்று இன்னொருவன், சண்டை. அகலம் இருபத்தாறு. எல்லாவற்றையும் எண்ண வேண்டாம், பெருக்கினால் வந்துவிடும் என்று ஒருத்தி கண்டுபிடித்துக் கத்தினாள். தூணுக்கு அடியில் டைல்ஸ் இருக்குமா, இருக்காதா என்று அடுத்த சண்டை. "எனக்குத் தெரியாதே, தூண் முதல்லயா, தரை முதல்லயா?" என்றாள் டீச்சர். முன்பல் விழுந்த ஒரு பெண் மேசைத்துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, "ஐயா, காலைக் கொஞ்சம் தூக்குங்க" என்றது. அதிகாரி இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் என் வேலையை விட்டுவிட்டு ஜன்னலில் நின்றேன்.

முனைவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பன்னிரண்டு அத்தியாயக் கூச்சமும் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்ததே! "இதென்னம்மா சந்தைக்கடை மாதிரி? இதுல தெரியாம இருக்க என்ன இருக்கு?" என்றார்.

டீச்சர் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா சார்?" சத்தியமாக அதில் ஒரு துளி நக்கல் இல்லை.

"தெரியும். ஆயிரத்தி ஐநூறு."

பிள்ளைகள் அப்படியே நின்றன. தெரிந்தவர் இருக்கும்போது எதற்கு எண்ணுவது என்று ஒவ்வொன்றாக உட்காரப் போயின. மேசைக்கு அடியிலிருந்து முன்பல் இல்லாத பெண் மட்டும் தலையை நீட்டி, நல்ல மரியாதையாகவே, "நீங்க எப்ப எண்ணுனீங்க?" என்று கேட்டது.

முனைவர், "பாத்தாலே தெரியும்" என்று இழுத்தார். அதற்குள் பெருக்கிக்கொண்டிருந்தவள், "ஆயிரத்துத் தொண்ணூத்திரண்டுதான் வருது. தூணைக் கழிச்சா இன்னும் கம்மி" என்றாள். அதிகாரி காலைத் தூக்கியபடியே சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கெடுத்தது.

மதிப்பெண் தாள் என் மேசைக்கு வந்தது. அதில் முனைவர் கையெழுத்தில் முதலில் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது. பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருந்தபோது, அதிகாரி தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தபோது போட்டது போல. அதை இரண்டு கோடு போட்டு அடித்து, மேலே பத்தொன்பது. குறிப்பு: 'பாடப்பொருளில் தெளிவில்லை. தனக்குத் தெரியாது என்று ஆசிரியரே ஏழு முறை கூறினார். வகுப்பறைக் கட்டுப்பாடு இல்லை.' தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு பட்டியலில் பத்தொன்பது என்று அடித்தேன். மொத்தம் ஐம்பத்தேழு.

பட்டியல் ஒட்டிய அன்று அவள் என் ஜன்னலுக்கு வந்தாள். "அக்கா, எனக்கு ஏன் பத்தொம்போது? நிஜமாவே தெரியல."

உள்ளே கூப்பிட்டு, கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டுச் சொன்னேன். நாற்பத்தொன்றையும் சொன்னேன், அடித்த கோட்டையும் சொன்னேன், சிரிப்பையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஓய்வு பெறப் பதினான்கு மாதம்தான் பாக்கி. "நான் சொன்னேன்னு உயிரே போனாலும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உன் வீட்டுக்காரர்கிட்டகூட. நான் சொன்ன காரணமும் உன் வாயிலேருந்து வரக் கூடாது. வாக்குக் குடு."

"சொல்ல மாட்டேன் அக்கா" என்றாள்.

மேல்முறையீடு என்று ஒன்று உண்டே என்பீர்கள். உண்டு. அந்தக் குழுவுக்குத் தலைவர் முனைவர்.

அவளுடைய பள்ளிக்கு, பயிற்சியில் முதலாவதாக வந்தவரைப் போட்டார்கள். தங்கமான பையன், சும்மா சொல்லக் கூடாது. கையேட்டைக் கரைத்துக் குடித்தவன். முதல் நாளே ஒரு கல்லைக் காட்டி இது என்ன என்று கேட்டிருக்கிறான். அமைதி. புத்தகத்தில் போட்டது அப்படியே நடக்கிறதே என்று அவனுக்குப் புல்லரித்துவிட்டதாம். அவன் அனுப்பிய முதல் மாத அறிக்கையை அடித்தவளும் நான்தான். 'வகுப்பறை அமைதி மிகச் சிறப்பு.' முனைவர் அந்த வரியின் கீழ் சிவப்பில் கோடு போட்டுச் சுற்றுக்கு விட்டார்.

அடுத்த வாரம் மலையிலிருந்து ஒன்பது பேர் இறங்கி வந்தார்கள். ஆறு பெண்கள், மூன்று ஆண்கள், எல்லாரும் அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள். கோஷம் இல்லை, பேனர் இல்லை. முதல் பேருந்தில் வந்து வராந்தாவில் உட்கார்ந்து, கடந்து போகிற ஒவ்வொருவரையும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "எங்க டீச்சரை ஏன் எடுத்தீங்க? எங்களுக்குத் தெரியல." பதில் வராவிட்டால் நாலு மணிப் பேருந்தில் திரும்பிப் போய், மறுநாள் காலையில் வந்து மறுபடி உட்கார்ந்தார்கள்.

எங்கள் ஆட்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போராட்டம் என்றால் போலீஸைக் கூப்பிடலாம், மனு என்றால் முத்திரை குத்தி உள்ளே போடலாம். கேள்வியை என்ன செய்வது? வாட்ச்மேன் கண்காணிப்பாளரைக் காட்டினார். கண்காணிப்பாளர் எங்கள் நிறுவன முதல்வரைக் காட்டினார். முதல்வர் அம்மாள் எல்லாருக்கும் தேநீர் கொடுத்து, கையேட்டில் ஒரு பிரதியும் கொடுத்து, இது மேலிடத்து முடிவு என்றார். முனைவருக்கு அன்று பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டது, விடுப்பில் போய்விட்டார். படிக்கத் தெரிந்த ஒரு பெண் கையேட்டை அரைநாள் உட்கார்ந்து படித்தாள். பிறகு என் ஜன்னலுக்கு வந்து, "இது யாரைப் பத்தின புஸ்தகம்மா?" என்று கேட்டாள். உங்களைப் பற்றித்தான் என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் கண்காணிப்பாளருக்குப் பொறுக்கவில்லை. "மார்க் லிஸ்ட் அடிச்சது அந்தம்மாதான், அவங்களைக் கேளுங்க" என்று என்னைக் கைகாட்டிவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தபடி நின்றார். முதல்வர் அறைக் கதவும் திறந்திருந்தது.

ஒன்பது பேரும் என் ஜன்னலுக்கு வந்தார்கள். கையேட்டைப் படித்த அதே பெண்தான் பேசினாள். "எங்க டீச்சரைக் கேட்டோம்மா. எனக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன், தெரிஞ்சவங்க கீழே ஆபீஸ்ல இருக்காங்க, நீங்க கேளுங்க, கண்டிப்பா சொல்லுவாங்கன்னு சொன்னா. அதான் மூணு நாளா ஒவ்வொருத்தராக் கேக்குறோம். உங்களுக்குத் தெரியுமாம்மா?"

கண்டிப்பா சொல்லுவாங்க என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்! அந்தத் தாள் என் வலதுகைப் பக்கத்து இழுப்பறையில் இருந்தது. கையை நீட்டினால் போதும். கண்காணிப்பாளர் இருமினார். நான் இழுப்பறையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "குடுக்குறதை அடிக்கிறதுதான் என் வேலை."

அவர்கள் நம்பிவிட்டார்கள். சந்தேகப்பட்டு ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பெண் ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு என் கையைத் தொட்டாள். "பரவால்லம்மா. தெரியலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? இவ்வளவு பெரிய ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியல. நீங்க மனசை விட்டுடாதீங்க" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, தேநீர் குடித்த டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினார்கள்.

வெளியே கேட்டருகில் டீச்சர் நின்றிருந்தாள். அன்று மட்டும் அவளும் வந்திருந்தாள், உள்ளே வரவில்லை. அவர்கள் போய் அவளிடம் சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்பது இங்கே கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கை விரித்துக் காட்டியது தெரிந்தது. அவள் தலையைத் திருப்பி என் ஜன்னலைப் பார்த்தாள். சொல்லிவிடு, சொல்லித் தொலை, அந்தக் கிழவி பொய் சொல்கிறாள் என்று கத்து, என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு வார்த்தை போதும். ஒன்பது பேரும் திரும்பி வந்திருப்பார்கள், நானும் இழுப்பறையைத் திறந்திருப்பேன்.

நாலு மணிப் பேருந்து வந்தது. ஒவ்வொருவராக ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறினாள். கடைசி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை, பாவி மகள்.